படுத்துப் பார்த்துக் கட்டுகிறவர்

டொனால்ட் படுத்திருக்கிறார். தானா ராத்தா என்ற மலையூரிலிருந்து மேலே ஏறும் சாலையை ஒட்டி, பெரணிப் புதருக்கு நடுவே, ஒரு நீல பிளாஸ்டிக் விரிப்பின்மேல், மழைக்கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறார். தலைக்குக் கீழே சுருட்டிய குடை. கண் மூடியிருக்கிறது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரும் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஊருக்குப் புதியவர்கள், காலையிலேயே ஏற்றிவிட்டார் பாவம் என்று நினைப்பார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், அவர் யாரோ ஒரு பணக்காரரின் படுக்கையறையில் படுத்திருக்கிறார். அந்த அறைக்குச் சுவர் வரவில்லை, கூரை வரவில்லை, படம்கூட இன்னும் காகிதத்தில் ஏறவில்லை. ஆனாலும் தலைமாடு எந்தப் பக்கம், விடிந்ததும் வெளிச்சம் கண்ணில் குத்துமா, ஓடைச் சத்தம் தூங்கவிடுமா என்பதெல்லாம் அவருக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

சமையலறை வரப்போகும் இடத்தில் நின்று இல்லாத அடுப்பில் இல்லாத குழம்பைக் கிண்டுவார். கூடத்துக்கு ஒரு மடக்கு நாற்காலி உண்டு. அதைப் போட்டு, கடுங்காபியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றபடி, வெயிலில் ஒருநாள், மழையில் ஒருநாள், மூடுபனி இறங்கும்போது ஒருநாள் என்று உட்கார்ந்து பார்ப்பார். குளியலறைக்கு என்ன செய்வார் என்று காபிக்கடையில் கேட்காத ஆளில்லை. 

“ஒலகத்துல எல்லாரும் வீட்டக் கட்டிட்டுப் படுப்பாங்க. எங்க வீட்டு மனுசன் படுத்துட்டுத்தான் கட்டுவாரு” என்பார் அவருடைய மனைவி தெரசம்மாள். அவர் அலுத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. டொனால்டின் சொந்த வீட்டில் சமையலறைக் கூரை ஒழுகத் தொடங்கிப் பல மழைக்காலம் ஆகிவிட்டது. பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துச் சமாளிக்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம். ஓடு மாற்றச் சொன்னால், தண்ணி எந்த வழியா வருதுன்னு இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்லா என்று சமாதானம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒல்லியான, கொஞ்சம் கூன் விழுந்த மனிதர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதன் முனை கடித்துக் கடித்துத் தேய்ந்திருக்கும். ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் படம் வரைகிற வேலையில் சேர்ந்தவர். தோட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் வரைந்தார், அதாவது தண்ணீர் போகும் கால்வாய், தொழிலாளர் வசிக்கும் லயங்களுக்குப் பழுதுபார்க்கும் படம், பொதுக் கழிப்பறை. “இருவது வருசம் நான் போட்டதெல்லாம் கக்கூசும் கானுந்தான்” என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். எழுபதுகளின் நடுவில் அந்த வேலையை விட்டுவிட்டு, மளிகைக்கடை மாடியில் ஒரு சின்ன அறை பிடித்தார். அவருடைய படங்களில் கையெழுத்துப் போட ஈப்போ நகரத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற ஒருவர் இருந்தார். வீடு கேட்டு வரத்தான் ஆளில்லை.

முதலில் வந்தவர் இருளப்பன். ஈப்போவில் லாரிகள் ஓட்டிப் பெரிய ஆளான முதலாளி. பிறந்தது இந்த மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். மலையைவிட்டு இறங்கிய பிறகு ஒரு தரம்கூட அந்த லயத்துப் பக்கம் போகாதவர். ஓடை ஓடும் ஒரு சரிவை வாங்கிப் போட்டிருந்தார். டொனால்டை அங்கே கூட்டிப்போய் நிறுத்தி, தனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று இரண்டே வரியில் சொன்னார்.

“தொர பங்களாவும் வேணாம், லயமும் வேணாம். எஸ்டேட் வாடையே அடிக்கக்கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கோ அதக் கட்டு தம்பி.”

டொனால்ட் சுற்றிலும் பார்த்தார். “நடுவுல மலதாங்க மொதலாளி இருக்கு” என்றார்.

அப்படித்தான் அந்த வீடு தொடங்கியது. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவோடு சேர்ந்து இறங்கும் மூன்று தளங்கள். ஓடையை ஒதுக்கித் தள்ளாமல், அதன் மேலேயே ஒரு நடைபாலம். நிமிர்ந்து நின்ற மூன்று மரப்பெரணிகளுக்காகத் தாழ்வாரத்துத் தரையில் மூன்று வட்டத் துளைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் யானை உட்கார்ந்ததுபோல ஒரு பாறை கிடந்தது. அதை வெடிவைத்துத் தகர்க்கலாம் என்று கொத்தனார்கள் சொன்னார்கள். டொனால்ட் அதன்மேல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, பாறையில் பாதி கூடத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி வரைந்தார். நடுவில் பாறையின் வளைவுக்கு ஏற்ப அறுத்த ஒரே பெரிய கண்ணாடி. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வெளியிலிருக்கும் பச்சைப் பாசி வீட்டுக்குள் நடந்து வருவதுபோலத் தெரியும். வீட்டுக்குள்ளே பாறாங்கல்லா என்று இருளப்பன் முகத்தைச் சுளித்தார். முடிந்த பிறகு பாருங்கள், பிடிக்காவிட்டால் நான் மறுபடி தோட்டத்து ஆபீசுக்கே போய்விடுகிறேன் என்று டொனால்ட் வார்த்தையை விட்டுவிட்டார். சும்மா வீறாப்புக்குச் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ஆபீசிலிருந்து செய்தி வந்திருந்தது. மாடியறையின் வாடகையும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டிருந்தது.

அதனால் அந்தப் பாசியை அவர் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார். வேலைக்காரர்கள் பாறையில் காலை வைத்தால் கத்துவார். சிமெண்டுத் தூசி படிந்தால் தானே தண்ணீர் தெளிப்பார். மழை இல்லாத நாளில் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுப் போவார். பாறைக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்று கொத்தனார்கள் கிண்டல் செய்தார்கள்.

வேலை முடிந்தது. முதலாளி மறுநாள் காலை பார்க்க வருகிறார். டொனால்ட் கூடத்தைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காவலுக்கும் களையெடுப்புக்கும் வைத்திருந்த பாஞ்சாலையிடம் நாளைக்கு முதலாளி வருகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பாஞ்சாலை ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா. யாரும் சொல்லாமலே வேலை செய்கிற கை. அன்றைக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. தோட்டத்தை ஆளும் பெரிய துரை வருகிறார் என்றால் முதல்நாளே சுண்ணாம்பு கரையும். கார் வரும் பாதையில் இரண்டு பக்கமும் உள்ள கல்லுக்கெல்லாம் வெள்ளை, மரத்துக்கெல்லாம் இடுப்பளவு வெள்ளை. வெள்ளை அடிக்காத கல்லைத் துரை பார்த்துவிட்டால் அது வேலைக்காரர்களுக்கு மானக்கேடு. டொனால்டும் அப்படியொரு தோட்டத்தில் இருபது வருஷம் இருந்தவர்தான். ஆபீசுக்குள் இருந்ததாலோ என்னவோ, அது அவர் நினைவுக்கே வரவில்லை.

காலையில் பாலத்தைத் தாண்டி வந்த டொனால்ட் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு வெளியிலிருந்த பாறை, உச்சியில் ஒரு கரும்பட்டை தவிர, பளபளவென்று வெள்ளையாக இருந்தது. மூன்று மரப்பெரணிகளும் இடுப்பளவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றன. ஓடைக்கரைக் கூழாங்கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. பின்பக்கத்துக் கிடங்குச் சுவருக்கென்று வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டை காலியாகிக் கிடந்தது. பக்கத்தில் பாஞ்சாலை குளித்து முழுகி, புதுச் சேலை கட்டி, திருப்தியோடு நின்றிருந்தார்.

“கல்லெல்லாம் பாசி புடிச்சு அசிங்கமா கெடந்துச்சு கிராணியய்யா. தொடச்சு வெள்ள அடிச்சு வுட்டுட்டேன்” என்றார். ஆபீசில் இருந்தவர் எல்லாரும் அவருக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா.

 துரை பங்களா வேண்டாம் என்று சொன்ன மனிதருக்கு, துரை பங்களாவின் அடையாளத்தையே வாசலில் பூசி வைத்தாயிற்று. டொனால்ட் பாஞ்சாலையைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. தேங்காய் நார் புருசையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பாறைமேல் பாய்ந்தார். தேய்க்கத் தேய்க்க வெள்ளை வழிந்து இன்னும் பரவியதே தவிரப் போகவில்லை. முழங்கைவரை சுண்ணாம்பு. அந்த நேரத்தில்தான் சரிவுக்கு மேலே கார் நின்றது.

இருளப்பன் பாலத்தைக் கடந்து வந்தார். வீட்டைப் பார்க்கவில்லை, பாறையைத்தான் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார். தன்னுடைய தப்புத்தான் என்று டொனால்ட் தொடங்குவதற்குள் பாஞ்சாலை முந்திக்கொண்டார்.

“அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா. நான்தான் அடிச்சேன். தொர வர்றப்ப கல்லு கறுப்பாவா கெடக்கறது?”

“எந்தத் தொர?”

“நீங்கதான்யா.”

இருளப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாறையை ஒரு சுற்றுச் சுற்றினார். டொனால்ட் அதற்குள் மனசுக்குள்ளே தோட்டத்து ஆபீசுக்குப் போய், அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கழிப்பறைக்குப் பாதிப் படமும் போட்டுவிட்டார்.

சுற்றி வந்த இருளப்பன் பாஞ்சாலைக்கு எதிரே நின்றார். பேசும்போது குரல் இறங்கிப்போயிருந்தது.

“சின்னப் புள்ளையில இந்தச் சுண்ணாம்பு வாளிய நானும் தூக்கியிருக்கேன். கையெல்லாம் வெந்துபோவும். காரு வர்ற நேரத்துக்கு எங்கள லயத்துக்குப் பின்னால வெரட்டிருவாங்க. அடிச்ச கல்ல அந்தத் தொர பாத்தாரா, பாக்காமலே போயிட்டாரான்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.” பாறையைத் திரும்பிப் பார்த்தார். “நான் பாத்துட்டேன்க்கா. நல்லா இருக்கு. அந்த உச்சி மட்டும் வுட்டுப்போச்சு.”

“கை எட்டலைங்கய்யா” என்றார் பாஞ்சாலை.

இருளப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, புருசோடு நின்ற டொனால்டைப் பார்த்து, தேய்க்காதே தம்பி, மழை வந்து கழுவிக்கொள்ளட்டும் என்றார். சாவியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார். பாறையின் உள்பாதி, தொடப்படாமல், பச்சையாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் பச்சை. வெகுநேரம் அதற்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

டொனால்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாலத்தின் படியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாஞ்சாலை கொடுத்த ரொட்டியைச் சுண்ணாம்புக் கையாலேயே வாங்கித் தின்றார். சிரிப்பு வேறு வந்து புரை ஏறியது. தலையில் தட்டியது பாஞ்சாலைதான்.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோட்டத்து நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். மாடியறைக்குப் பக்கத்து அறையையும் டொனால்ட் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு மாற்றம், அவர் வேலை நடக்கும் இடத்தில் சுண்ணாம்பு மூட்டையைக் கண்ணில் காட்டக்கூடாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறவர்களையே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பாஞ்சாலை இன்னமும் இருளப்பன் வீட்டுத் தோட்டத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார். முதலாளி வரும் நாளில் புதுச் சேலை கட்டுவதை மட்டும் விடவில்லை.

சில மழைக்காலங்களுக்குள் பாறை பழையபடி பச்சைக்குத் திரும்பிவிட்டது. மரப்பெரணிகள் வேட்டியை அவிழ்த்துவிட்டன. கூரை இறங்கி வரும் ஓரத்தில், மழை எட்டாத இடத்தில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருளப்பனின் மனைவி ருக்குமணிக்கு அது கண்ணை உறுத்துகிறது. பெரிய ரோஜாத் தொட்டி ஒன்றை அதற்கு நேர் முன்னால் வைத்து மறைத்திருக்கிறார்.

வேலை முடிந்த வீட்டை வருஷம் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது டொனால்டின் வழக்கம். இருளப்பன் வீட்டில், அழைப்புமணியை அடிக்கும் முன் குடையைச் சுவரில் சாய்த்துவைக்கிறார். பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, அந்தக் கனத்த தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுவாங்க ஒரு முழம் தள்ளி நகர்த்திவைக்கிறார்.