அண்ணியின் மை பாட்டில்

என் அண்ணி தையல்காரர். அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல்தளத்து வீடு. கீழே உள்ள அத்தனை வீட்டு ஜாக்கெட்டும் சட்டையும் அவர் மிஷினில்தான் உருவாகும். ஒரே ஒரு வில்லங்கம், மதியத்துக்குள் மொட்டைமாடித் தொட்டி வற்றிவிடும். முதலில் கைவிரிப்பது அண்ணி வீட்டுக் குழாய். பஸ் ஓட்டிவிட்டு வேர்வையோடு வரும் அண்ணனுக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது.

"இந்த மாசத்தோட காலி பண்ணிடலாம்," என்று ஒருநாள் அண்ணன் அட்டைப்பெட்டிகளோடு வந்தார்.

வீடு மாறினால் வாடிக்கை எல்லாம் போச்சு. அண்ணி உடனே முறையிடக் கிளம்பினார். குடியிருப்புச் செயலாளரிடம் போனால், "துணி அலசுறத குறைங்கம்மா," என்று அவருக்கே உபதேசம். கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி பிளம்பரைப் பிடித்தார். அவர் ஒரு வழி சொன்னார்: ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மை ஊற்றி, ஃப்ளஷ் பண்ணாமல் சற்று நேரம் விட வேண்டும். கழிப்பறைக் கோப்பைக்குள் நிறம் இறங்கினால், டேங்க் அடியில் உள்ள வாஷர் வழியே மொட்டைமாடித் தண்ணீர் சத்தமில்லாமல் ஒழுகுகிறது.

முதலில் தன் வீட்டிலேயே ஊற்றினார். நீலம். பிறகு அளவெடுக்கும் சாக்கில் மை பாட்டிலோடு படியேறி இறங்கினார். பாதி வீடுகளில் நீலம்.

செயலாளர் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டார். கணவரிடம் சொல்ல மறந்துவிட்டார். சற்று நேரத்தில் கழிப்பறைக்குள் போன மனிதர் பேயறைந்தவர் போல் வெளியே வந்தார்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நீலநீலமா போகுது. டாக்டருக்கு போன் போடு."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க," என்றார் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல். "நம்ம டேங்குக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

மறுநாளே செயலாளர் முன்னால் நின்று எல்லா வீட்டு வாஷரையும் மாற்ற வைத்தார். குழாய் வாய்களில் தண்ணீரை மிச்சம்பிடிக்கும் வலையும் ஏறியது. அடுத்த நாள் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது, வீட்டில் ஷவர் கொட்டியது. உள்ளே போனவர் வெளியே வருவதாகத் தெரியவில்லை.

"என்னங்க, போதும். மறுபடி தொட்டிய காலி பண்ணிடாதீங்க," என்று அண்ணி கதவைத் தட்டினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டைப்பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டேன். அண்ணி அவற்றை மிஷின் அடியில் தள்ளி, வெட்டுத்துணிகளைப் போட ஆரம்பித்தார்.