கஞ்சி போட்ட கோட்டு

இரண்டு புள்ளி ஆறு என்று அந்த மெஷின் காட்டியபோது எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. மூன்று வர வேண்டும். மூன்று மில்லிமீட்டராவது துணி அமுங்க வேண்டும். பரிசோதனை மேசையில் இருந்த அம்மாள் என் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி, வேறோர் இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். இரண்டு புள்ளி ஐந்து. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவள். நின்றபடி அறுபது குண்டு சுட வேண்டும். குறியின் நடுப்புள்ளி கடுகை விடச் சிறியது. மூச்சு விட்டால் துப்பாக்கி ஆடும், விடாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்வதில் ஆடும். அதனால்தான் கித்தானும் தோலும் வைத்துத் தைத்த கனத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறோம். அது இடுப்பையும் முதுகையும் பிடித்து நிறுத்தும். ஆனால் கோட்டு ரொம்ப விறைப்பாக இருந்தால் சுடுவது ஆளா கோட்டா என்று ஆகிவிடும் அல்லவா? அதற்குத்தான் இந்த மெஷின். போட்டி முடிந்ததும் சீட்டுப் போட்டுச் சிலரை அழைப்பார்கள். அளவு தப்பினால் மறுபேச்சு கிடையாது, ஆட்டத்தை விட்டே வெளியே.

அன்று உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் நான் ஆறாவதாக வந்திருந்தேன். அறுநூற்று முப்பது புள்ளி இரண்டு. ஊரில் அறுநூற்று இருபத்தைந்தை நான் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. முதல் எட்டுப் பேருக்கு இறுதிச் சுற்று, இன்னும் இரண்டரை மணி நேரத்தில். எனக்கு வயது நாற்பத்தொன்று. கிளப்பில் என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆன்ட்டி என்று மாற்றிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. இதற்கு மேல் இன்னொரு உலகப் போட்டிக்கு என்னை அனுப்பப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், அனுப்புகிறவர்களுக்கும் தெரியும்.

ஆனால் நான் இங்கே எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. என் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் லாண்டரிக்காரர். பதினேழு வயதில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்து, தினம் நானூறு படுக்கை விரிப்பு அலசியவர். பிறகு ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம். இப்போது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சொந்தக் கடை. முன்பக்கம் கவுன்டர், பின்பக்கம் இரண்டு மெஷின், நடுவே நீளமான அயர்ன் மேசை, ஜன்னலோரம் கஞ்சி காய்ச்சும் அடுப்பு. தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் கஞ்சி போட்டுக் கொடுத்த சட்டையைத் தரையில் வைத்தால் தானாக எழுந்து ஆபீசுக்குப் போய்விடும் என்று என் நாத்தனார் கிண்டல் செய்வாள். அவள்தான் கடையில் பில் போடுகிறவள்.

இந்த மனிதருக்குச் சுருக்கம் என்றால் ஆகாது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலரைப் பார்ப்பார். துக்க வீட்டில் ஒருமுறை, போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை இவர் இழுத்துச் சரிசெய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு மானம் போயிற்று. கேட்டால், "அவர் உயிரோட இருந்தப்ப எங்கிட்டதான் துணி போடுவார். அவருக்கு நான் செய்யாம யார் செய்வா?" என்றார்.

நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலக விளையாட்டுக் குழுவில் ஆள் குறைகிறது என்று பெயர் கொடுத்து, இருபத்தொன்பது வயதில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தூக்கினேன். "பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி" என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் மூக்கைச் சுளித்தார்கள். இவர் ஒருவர்தான், "அவளுக்குப் பிடிச்சிருக்கு, போறா. உங்களுக்கு என்ன?" என்று அவர்கள் வாயை அடைத்தவர். பன்னிரண்டு வருடமாக ஞாயிறு காலையில் என் துப்பாக்கிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளப் வாசல் வரை வருகிறார். புள்ளிக் கணக்கு அவருக்கு இன்றுவரை புரியாது.

எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை அந்தக் கோட்டு. அதை அவர் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தண்ணீரில் போட்டால் தோல் சுருங்கிவிடும். எட்டு வருட வேர்வை அதில் ஊறியிருந்தது. அழுக்கு மூட்டை என்றுதான் அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். "ஊர்த் துணியெல்லாம் வெளுக்கறேன், கட்டின பொண்டாட்டி கோட்டு இந்த லட்சணத்துல இருக்கே. என் கடைப் பேரு என்னாகும்?" என்பார். நான் முறைத்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

இனிப் பரிசோதனை அறைக்கு வருகிறேன்.

கோச் சார் ஓடி வந்தார். அளவு எழுதிய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். என்னை ஒரு மூலைக்கு இழுத்துப் போனார்.

"கோட்டுல ஏதாவது செஞ்சியாம்மா? உள்ள துணி வச்சுத் தைச்சது, பசை கிசை, எதாவது?"

"சத்தியமா இல்ல சார்."

"ரெண்டு வாரம் முன்னாடி நம்ம ஊர்ல பாத்தப்ப மூணு புள்ளி ரெண்டு. எங்கிட்ட சர்டிபிகேட் இருக்கு. அதே கோட்டு. அப்போ இந்த மெஷின்லதான் கோளாறு. அப்பீல் போடலாம், அரை மணி நேரம் டைம் இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. ஆமாம், மெஷின்தான். வேறென்ன? உண்மையில், வந்து இறங்கிய அன்றே கோட்டைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள அங்கே வசதி இருந்தது. வரிசை நீளமாக இருந்தது. ஊரிலேயே பார்த்தாயிற்றே என்று நான்தான் சோம்பல்பட்டுப் போகவில்லை. அதை அந்த நேரத்தில் நான் கோச் சாருக்கு நினைவுபடுத்தவில்லை.

அவர் படிவத்தை மடமடவென்று நிரப்பினார். கோட்டில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று எழுதி, கீழே விரலை வைத்து, "இங்க கையெழுத்துப் போடு" என்றார். பேனாவை வாங்கினேன். அப்போதுதான் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"பாத்தேன்! பாத்தேன்! போன்ல உன் பேரு ஆறாவதா வந்துச்சு! கடையில எல்லாரும் உக்காந்திருக்கோம். ஃபைனல் எத்தனை மணிக்கு?"

"ஏங்க, நான் அப்புறம் பேசறேன்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கோட்டு எப்படி இருந்துச்சு?"

"எந்தக் கோட்டு?"

"என்ன எந்தக் கோட்டு? உன் கோட்டுதான். தொளதொளன்னு இல்லியே? நல்லா நின்னுச்சா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது எனக்குக் கேட்டது.  போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்ன பண்ணீங்க?"

"திட்டாதே. போன வாரம் நீ லீவு லெட்டர் குடுக்க ஆபீஸ் போனே இல்ல, அன்னிக்கு மத்தியானம். தண்ணியில போடவே இல்ல, நீ சொன்னபடிதான். தோல் மேல ஒரு சொட்டுப் படல. துணியில மட்டும் லேசா கஞ்சி தொட்டு, மேல வெள்ளைத் துணி போட்டு அயர்ன் பண்ணினேன். மூணு மணி நேரம் ஆச்சு. உலகமே பாக்கப் போகுது, நீ கசங்கிப் போய் நிக்கலாமா?"

பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள். "அண்ணி, அண்ணன் அன்னிக்கு வேற யார் துணியையும் தொடல, தெரியுமா!"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அதிர்ச்சி என்ற சொல்லை நான் அலுவலகத்தில் தினம் கேட்பவள். இறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள், "அதிர்ச்சியில ஒண்ணும் புரியலம்மா" என்பார்கள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுப்பேன். அது என்னவென்று அன்றுதான் தெரிந்தது. எதிரே கோச் சாரின் வாய் அசைகிறது, எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குப் போன் வந்தது எனக்குத் தெரியாது" என்றார்.

யோசிக்கவே இல்லை என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். யோசித்தேன். பேனா என் கையில்தான் இருந்தது. கோச் சார் நல்ல மனிதர், அவருக்கும் இது ஒரே வாய்ப்பு. ஆனால் அந்த மேசை அம்மாளின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. படிவத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அரங்கின் பெரிய திரையில் என் பெயர் ஆறாம் இடத்திலிருந்து அடிக்கு இறங்கியது. ஒன்பதாவதாக இருந்த பெண் எட்டாவதானாள். அவள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு குதித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கடைக்குப் போன் போட்டேன். என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். வேறெதாவது காரணம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் விடிந்தால் பேப்பரில் வந்துவிடும், அதை அவர் கவுன்டரில் நின்று படிப்பார். என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் அவர் எழுந்து கடையின் பின்பக்கம் போவது கேட்டது.  

"நான் அவங்ககிட்ட பேசறேன்" என்றார். "அவங்க நம்பர் குடு. நான்தான் போட்டேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன்."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"ஏன் கேக்க மாட்டாங்க? தப்பு பண்ணினவன் நான். எனக்குத் தண்டனை குடுக்கட்டும்." அவர் குரல் உடைந்தது. "கஞ்சி என்ன பண்ணும்? கஞ்சியா சுட்டுச்சு? நீ சுட்டது நீ சுட்டதுதானே?"

"ஆமா" என்றேன்.

 இதைச் சொல்லும்போதே எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. போட்டி நடந்த ஊருக்கு வந்த முதல் நாள் பயிற்சியில் கோட்டை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டியபோதே வித்தியாசம் தெரிந்தது. முதுகை யாரோ உள்ளங்கையால் தாங்குவதுபோல் இருந்தது. குளிர் அரங்கு, அதனால் துணி இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துப்பாக்கி முனை ஆடவில்லை. ஒவ்வொரு குண்டும் பத்து புள்ளி ஐந்து, பத்து புள்ளி ஏழு என்று விழ விழ, நாற்பத்தொரு வயதில் நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். அன்று ஹோட்டல் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கூடக் கொண்டேன். ஏன் இப்படி இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மெஷினுக்குப் போயிருப்பேன், கஞ்சியும் அன்றே போயிருக்கும்.

ஊர் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் விசாரித்துவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள், "மாஸ்டர், பாத்துப் போடுங்க, எனக்கும் வேலை போயிடப் போகுது" என்று கேலி செய்கிறார்கள். அவர் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொள்கிறார். யாருக்குக் கஞ்சி போடுவதானாலும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்.

கோட்டு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான் கிளப்புக்குப் போவதில்லை, தோள்பட்டை வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் கேட்பார், "அத ஈரத்துணியால தொடைச்சு எடுத்துடறேனே. கஞ்சி பூராவும் வந்துடும். பழையபடி ஆயிடும்." ஒருநாள் ஹாங்கரிலிருந்து எடுத்தே விட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் மேல் கோபம் எனக்கு ஊர் வந்து இறங்கிய அன்றே தீர்ந்துவிட்டது. விமான நிலைய வாசலில் என் பெட்டியை வாங்க வந்தவரின் சட்டை கசங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்குக் கோபம் வரும்? விஷயம் வேறு. கஞ்சி போய்விட்டால் கோட்டு பழைய கோட்டாகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு அறுபது குண்டு சுட்டால், அந்த அறுநூற்று முப்பது என்னுடையதா இல்லையா என்று ஒன்றே கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். எனக்கு அது தெரிய வேண்டாம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நேற்று வேறு மாதிரி கேட்டார். காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் பார்த்தபடியே, "இன்னும் என் மேல கோவமா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.