ரசத்தில் விழுந்த ராஜா

எங்கள் தெரு வெங்கடப்பன் ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலையில் கெட்டிக்காரர். லீவு நாளில் மட்டும் கரண்டியைத் தூக்கிவிடுவார். போன மாதம் ராகிக் களிக்குள் சீஸ் வைத்து எனக்கு ஒரு உருண்டை கொடுத்தனுப்பினார். நான் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அவர் மகள் சுசித்ராவும் வேப்பனப்பள்ளி விமல்ராஜும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, கல்யாணம் வரை முடிவு செய்துவிட்டார்கள். விமல்ராஜின் அப்பா ஆஞ்சப்பன் சம்மதிப்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். துணைக்கு என்னையும் உட்கார வைத்தார்கள்.

"அப்பா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் புதுசா எதும் செய்யாத," என்று சுசித்ரா காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

மனுஷன் கேட்டால்தானே. பேசில் என்பது இத்தாலிக்காரர்களின் சமையல் இலை, அந்தப் பெயருக்கே ராஜா என்று அர்த்தம் என போனில் பார்த்திருந்தார். பெங்களூர் போய் ஒரு கட்டு வாங்கிவந்து, தக்காளி ரசத்தில் கிள்ளிப் போட்டுவிட்டார்.

ரசம் சோற்றைப் பிசைந்த ஆஞ்சப்பனின் கை நின்றது. ஓர் இலையை எடுத்து முகர்ந்தார்.

"இது திருநீத்துப்பச்சதானே? எங்கூர்ல சாமி மாலைக்குக் கட்றதாச்சே."

"பேசிலுங்க. ராஜான்னு அர்த்தம்," என்றார் வெங்கடப்பன்.

"யாரா இருந்தா என்னங்க, சாமிக்குப் போடறத எப்படி மெல்றது?"

கோயிலில் கொடுத்த துளசியைப்போல் அதைக் காதில் செருகிக்கொண்டார். அவர் மனைவி மாரம்மா கொண்டையில் வைத்துக்கொண்டார். விமல்ராஜும் அப்பாவைப் பார்த்துச் செருகினான். நான் மட்டும் மென்று தின்ன எனக்குத் தைரியம் இல்லை, நானும் செருகிக்கொண்டேன். இலையிலிருந்து எல்லார் கழுத்திலும் ரசம் வழிந்தது. சுசித்ரா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

வெங்கடப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். "சம்பந்தம் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே?"

ஆஞ்சப்பன் சட்டைக் காலரைத் துடைத்தார்.

"சாமி எலய காதுல வெச்சிக்கிட்டு வேணாம்னு சொல்ல முடியுங்களா? சந்தோசமாவே செஞ்சிடலாம். ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்குச் சமையல்காரர நாங்க கூட்டியாறோம்."

வெங்கடப்பன் முகம் தொங்கிப்போயிற்று. மகள் கல்யாணத்துக்குத் தானே சமைக்க வேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆசை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அடுப்படியில் அழுகை நின்றது. "சரிங்க மாமா," என்றாள் சுசித்ரா.