ஜெபிக்க வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், போன ஆனி மாதம், பட்டப்பகலில் நடந்தது.

நடந்தது ரேவதிக்கு. பேய், பிசாசு என்றால் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவள் அவள். வீட்டை ஒட்டிய ஷெட்டில் பட்டுப்புழு வளர்க்கிறாள். கணவன் சரத்துக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் ரேவதியும் ஒன்பது வயது மகள் தர்ஷினியும் மட்டும்.

தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு அடித்தது. தர்மபுரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். ரேவதி பயந்துபோய்ச் சபைப் பாஸ்டர் அன்புவுக்குப் போன் செய்தாள். அவர் கூட்டத்துக்காக அரூரில் இருந்தார். கவலைப்படாதே, ஏரியூர் சகோதரி ஒருவரை நாளையிலிருந்து ஜெபிக்க அனுப்புகிறேன் என்றார்.

மறுநாள் மதியம் ஒருத்தி வந்தாள். வெள்ளைப் புடவை. கையில் கறுப்பு அட்டைப் புத்தகம். பாஸ்டர் அனுப்பினவங்களா என்று ரேவதிதான் கேட்டாள். அவள் சிரித்தாள்.

"புள்ள எங்க?" என்றாள்.

காலில் செருப்பில்லை. குழாய் பதிக்கத் தோண்டிய தெரு, எங்கும் செம்மண். அவள் பாதத்தில் ஒரு துளி தூசி இல்லை. ரேவதி அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

ஜெபம் தொடங்கியது. அப்படி ஒரு குரலை ரேவதி கேட்டதில்லை. கண்ணை மூடி அழுதாள். கண்ணைத் திறந்தபோது தர்ஷினி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். பிறகு என்ன சந்தேகம் வரும்?

வந்தது. அந்தப் பெண் போன பிறகுதான் வந்தது.

புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. அந்த நேரத்தில் அவை இலை தின்னும் சத்தம், தகரத்தில் தூறல் விழுவதுபோல இராப்பகலாகக் கேட்கும். ஜெபம் நடந்த நேரம் முழுக்க அது கேட்கவேயில்லை. ரேவதி ஷெட்டுக்கு ஓடினாள். போட்ட இலை போட்டபடி கிடந்தது. அத்தனை புழுக்களும் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன.

எல்லாம் வீட்டுச் சுவர் பக்கம் திரும்பியிருந்தன.

மருந்து அடித்த இலையோ என்னவோ என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் மறுநாள் அந்தப் பெண் வந்தபோது ரேவதி கண்ணை மூடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "ராஜாவே" என்றாள் அந்தப் பெண். "பெரியவரே" என்றாள். "என் எஜமானே" என்றாள். இயேசு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முடிவில் ஆமென் இல்லை. தர்ஷினியின் காதில் குனிந்து ஏதோ கேட்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதை அவள் திறக்கவே இல்லை என்பதும் ரேவதிக்கு அப்போதுதான் உறைத்தது.

காதில் என்ன கேட்டார்கள் என்று மகளை விசாரித்தாள்.

"எங்கூட வர்றியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அம்மாவக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"அதுக்கு?"

"அம்மா ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னாங்க."

பாஸ்டருக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசினார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"ஸ்தோத்திரம்மா. புள்ளைக்குச் சுகமாயிடுச்சாமே. சிஸ்டர் சொன்னாங்க."

அந்த சிஸ்டர் யார் என்று கேட்பதற்குள் லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். போகவில்லை. அவரே அனுப்பினவள்தானா? அப்படியென்றால் ஏன் பொய் சொன்னாள்? பிள்ளைக்கு இன்னும் உடம்பு கொதிக்கிறதே...

மூன்றாம் நாள் மதியம் ரேவதி வாசல் கதவைத் தாழ் போட்டாள். கொல்லைக் கதவையும் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். கட்டிலுக்கு எதிரில் நின்றுகொண்டாள்.

ஷெட்டில் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதையே கேட்டபடி நின்றாள்.

சட்டென்று நின்றது.

கதவைத் திரும்பிப் பார்த்தாள். தாழ் போட்டபடி இருந்தது.

கட்டிலைப் பார்த்தாள்...

அவள் உட்கார்ந்திருந்தாள். தர்ஷினியின் தலைமாட்டில். அதே வெள்ளைப் புடவை. அதே சிரிப்பு. ஜெபம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, வெகு நேரமாக நடப்பதுபோல.

"இயேசுவோட பேரச் சொல்லுங்க" என்றாள் ரேவதி.

அவள் நிறுத்தவில்லை.

ரேவதி உரக்க ஜெபிக்கத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த வார்த்தைகள். அந்தப் பெண்ணும் கூடவே சொன்னாள். அதே வார்த்தைகளை. ஆனால் அரை வார்த்தை முன்னால்.

அவள் சொன்னாள். ரேவதியின் நாக்கு பின்னால் போனது.

கொஞ்ச நேரத்தில் வார்த்தைகள் மாறின. மாறியதே ரேவதிக்குத் தெரியவில்லை. வாய் தானாக ஓடியது.

"எடுத்து..." என்றது அவள் வாய். "எடுத்துக்கொ..."

எதை?

நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. வாய் நின்றது.

தர்ஷினி கட்டிலைவிட்டு இறங்கியிருந்தாள். அந்தப் பெண் நீட்டிய கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

ரேவதி பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். ஜெபமெல்லாம் மறந்துவிட்டது. ஒரே ஒரு பெயர்தான் நினைவில் நின்றது. "இயேசுவே..." விடவில்லை. "இயேசுவே... இயேசுவே..."

கைக்குள் பிள்ளை திமிறினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நீதான என்னப் போகச் சொன்ன?"

"இல்ல கண்ணு. நான் சொல்லல. நீ எங்கயும் போகாத."

அந்தச் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கொடுத்த வாக்கை மீறியவளைப் பார்ப்பதுபோல அந்தப் பெண் ரேவதியைப் பார்த்தாள்.

ரேவதி கண்ணை மூடவில்லை.

ஒரு தடவை இமைத்தாள். அவ்வளவுதான்.

ஷெட்டில் தூறல் விழத் தொடங்கியது. கட்டிலில் யாரும் இல்லை. தாழ் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் தர்ஷினிக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது. திரும்ப வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்குப் போனாள். பாஸ்டர் அன்பு ஒரு வயதான அம்மாளைக் கூட்டி வந்து நிறுத்தினார். அந்த அம்மாள் குள்ளமாக இருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். ஏரியூர் ஜானகியம்மாள், நான் அனுப்பின சிஸ்டர் என்றார்.

ரேவதி அவரைப் பார்த்ததே இல்லை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லையே என்றாள்.

ஜானகியம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மூணு நாளும் மத்தியானம் வந்தனேம்மா. நீதான வெளி கேட்டுப் பக்கத்துல நின்னு, நல்லாயிட்டா, ஜெபம் வேணாம்னு திருப்பி அனுப்புன?"

ரேவதி மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"கடேசி நாளு எனக்கு மனசு கேக்கல. புள்ளையக் கண்ணுல காட்டுன்னேன். உள்ள போயி கையோட கூட்டியாந்த. அவ தலைமேல கை வெச்சு ஜெபம் பண்ணுனேன். காய்ச்சலே இல்ல. தலை சில்லுனு இருந்துச்சு..."

தர்ஷினி அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். வழக்கம்போல ஆசீர்வாதத்துக்குத் தலையைக் குனிந்தாள்.

ஜானகியம்மாள் கையை உயர்த்தினார். பாதியில் நிறுத்தினார். தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு, அன்று அந்தப் பிள்ளையின் தலைமேல் வைத்த அதே கையை மெல்ல இழுத்துக்கொண்டு, முந்தானையில் துடைத்தார்.