வயது கேட்காத கடை

கடந்த ஆண்டு ஜூன் மாதம், கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடங்கள் மூடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அது. நோர்வேயின் ஒஸ்லோவில், ஹொல்ம்லியா என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். நான் சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்கிறேன். பகல் முழுவதும் மூன்று வயதுக்காரர்களுக்குப் பின்னால் ஓடிக் களைத்து வந்து, மீனைக் கழுவிச் சட்டியில் போட்ட நேரம் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா, தரமாட்டினமாம்.”

“என்னத்தை?”

“ரவையை. எனக்கு வயது காணாதாம்.”

ரவை என்றால் துப்பாக்கித் தோட்டாதான், ஆனால் இதைப் படித்துத் திடுக்கிட வேண்டாம். கதையைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அப்போது பதினேழு வயது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக் கழகமொன்றில் சில வருடங்களாகப் பயின்று வந்தாள். பள்ளித் தோழி ஒருத்தி விளையாட்டாகக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தத் தோழி கொஞ்ச நாளில் விட்டுவிட்டாள், இவள் விடவில்லை. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் நடனம், சங்கீதம், உதைபந்தாட்டம் என்று போக, என்னுடையவள் பாயில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, எங்கோ தொலைவில் இருக்கும் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று கதைக்கும்போது “மகள் என்ன பழகிறா?” என்று யாராவது கேட்டால், “ஏதோ விளையாட்டு” என்று சொல்லி நழுவிவிடுவேன்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடி வந்தவள் நான். முதல் மாதங்களில் அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டால், காரின் கண்ணாடிகளை இறுக மூடி, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பேன். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். ஒருநாள் இறங்கிப்போய்ப் பின்வரிசை இருக்கையில் இருந்து பார்த்தேன். பிள்ளையின் முகத்தில் இருந்த அமைதியைக் கண்டபின் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்குப் பெரிய போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் இளையோர் அணியில் எடுப்பார்கள். துவக்கு கழகத்துடையது. ரவையையும் எப்போதும் பயிற்சியாளரே வாங்கி வைத்திருப்பார். அந்த மனிதர் முதல்நாள் ஏணி வைத்துக் கூரையின் மழைநீர்ப் பீலியைத் துப்புரவாக்கப் போய், விழுந்து, காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். துவக்கை இன்னொரு பொறுப்பாளர் கொண்டுவருவார், ஆனால் அவரிடம் இருந்தது வேறு வகை ரவை. ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு வகைதான் நன்றாக ஒத்துப்போகுமாம். மாற்றினால் குறி மயிரிழை விலகுமாம். அந்த விளையாட்டில் மயிரிழைதான் எல்லாம். இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கப் போகிறது? மகளின் குரல் உடைந்ததுதான் விளங்கியது.

“நீ வீட்டை வா. நான் போய் வாங்கிறன். எனக்கு வயது காணும்தானே.”

சட்டியை இறக்கிவைத்துவிட்டு ரயில் பிடித்து நகருக்குப் போனேன்.

மகள் போய்க் கேட்ட கடை, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வேண்டிய எல்லாம் விற்கிற பெரிய கடை. சுவரெல்லாம் மான் கொம்பு. கட்டணம் செலுத்தும் இடத்தில் நின்ற பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

“பிள்ளை தமிழோ?”

“ஓம் அன்ரி.” சிரித்தாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே உரிய தமிழ். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும்.

மகள் தொலைபேசிக்கு அனுப்பியிருந்த பெட்டியின் படத்தைக் காட்டினேன். “இதிலை இரண்டு தாங்கோ.”

“கோர்ட் இருக்கோ அன்ரி?”

நோர்வேஜிய மொழியில் கோர்ட் என்றால் அட்டை; வங்கி அட்டையை நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். “இது இல்லை. வோப்பன்கோர்ட். உங்கடை பேரிலை துவக்கு பதிஞ்ச அட்டை. அந்தத் துவக்குக்குரிய ரவைதான் தரலாம்.”

“எனக்கு நாற்பத்தாறு வயது, பிள்ளை.”

“வயது காணும் அன்ரி. அட்டைதான் இல்லை.”

“அட்டை இருக்கிற ஆள் காலை முறிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார்.”

“அப்ப அவர் எழும்பி வந்து வாங்கலாம்.”

பயிற்சியாளருக்கு அழைத்தேன். பாவம், வலி மாத்திரையின் மயக்கத்திலும் தன் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். நான் வெற்றியோடு தொலைபேசியை நீட்டினேன்.

“படத்துக்கு விக்க ஏலாது அன்ரி.”

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. சுடத் தெரிந்தவளுக்கு வயது இல்லை. வயது இருக்கிறவளுக்கு அட்டை இல்லை. அட்டை இருக்கிறவருக்குக் கால் இல்லை. இந்த மூன்றையும் ஒரே ஆளில் சேர்த்துக் கொண்டுவா என்றால் நான் எங்கே போக? எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நோர்வேக்காரர்கள் வாய் திறக்காமல் பெருமூச்சு மட்டும் விடுகிற அந்தப் பெருமூச்சு என் பிடரியில் பட்டது.

“பிள்ளை, என்னைப் பார்த்தால் ஆரையும் சுடப் போற ஆள் மாதிரியோ இருக்கு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆரைப் பார்த்தாலும் அப்பிடித் தெரியாது அன்ரி. அதாலைதான் எல்லாரிட்டையும் கேக்கிறது.”

“பின்னொரு நாளைக்கு எங்கையாவது கோயிலிலை என்ரை முகத்தைப் பார்க்கத்தானே வேணும்,” என்றேன். ஒரு தாய்க்கு வாயில் வருகிற சாபம் அந்தளவுதான். அவள் முகம் சிவந்தது. ஆனாலும் பெட்டியைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். “சொறி அன்ரி,” என்று மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பணிவுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. சண்டை பிடித்திருந்தாலாவது ஆறியிருக்கும்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று எனக்கு நானே பேசினேன். ஊரில் சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி அடையாள அட்டையைக் காட்டியே வளர்ந்தவள். இங்கே வந்தும் அட்டை, அட்டை, அட்டை. அதுவும் தமிழ்ப் பிள்ளையின் வாயிலிருந்து.

விட மனம் வரவில்லை. நகருக்கு வெளியே பெரிய கடைத்தொகுதி ஒன்றில் இதே சாமான்கள் விற்கும் இன்னொரு கடை இருப்பதாக மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. பஸ் ஏறினேன். அங்கே வயதான, அனுபவமுள்ள ஒருவர் நிற்பார், விஷயத்தை எடுத்துச் சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று எண்ணினேன். பொய் சொல்லி வாங்கும் எண்ணம் சத்தியமாக எனக்கு இருக்கவில்லை. வழி முழுவதும் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று நோர்வேஜிய மொழியில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நின்றது ஓர் இளைஞன். கோடைகால வேலைக்கு வந்தவனாக இருக்க வேண்டும். கடை நிரம்பி வழிந்தது. ஆட்கள் கூடாரமும் மடக்கு நாற்காலியும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் ஒரு கையால் ஒருவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டே என் தொலைபேசியில் இருந்த ரவைப் பெட்டியின் படத்தைப் பார்த்தான். பின்னால் திரும்பி அலுமாரியைத் திறந்தான். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். இயந்திரம் பீப் என்றது. திரையில் ஏதோ கேள்வி வந்தது.

“அட்டை இருக்குத்தானே?” என்றான் நோர்வேஜிய மொழியில். என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தான்.

நான் வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த பேச்சில் முதல் சொல் வெளியே வருவதற்குள் அவன் ஆம் என்று அழுத்திவிட்டான். தொகை வந்தது. என் கை தன்பாட்டில் வங்கி அட்டையை வைத்தது. பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிட்டு, “நல்ல வார இறுதி!” என்று வாழ்த்தி, அடுத்த ஆளிடம் திரும்பினான்.

அவ்வளவுதான். பேக்கரியில் ஒரு பாண் வாங்கக்கூட இதைவிட நேரம் எடுக்கும்.

பெட்டிகளைக் கையில் எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. அளவுக்குப் பொருந்தாத பாரம். சந்தோஷம் வர வேண்டும். அதற்காகத்தானே மாலை முழுவதும் அலைந்தேன். ஆனால் வரவில்லை. வாசல்வரை போனேன். காலை எடுத்து வெளியே வைக்க முடியவில்லை.

என் அண்ணனுக்குப் பதினாறு வயதில் ஒருவர் கையில் துவக்கைக் கொடுத்தார். யார் கொடுத்தார், எங்கே கொடுத்தார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஒருவரும் அவனிடம் வயது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் பொய் சொல்லியிருப்பான். ஆனாலும் ஒருவராவது கேட்டிருக்கலாம். உனக்கு வயது காணாது, வீட்டுக்குப் போ என்று ஒருவர் எரிச்சலோடு திருப்பி அனுப்பியிருக்கலாம். அவன் திரும்பி வரவே இல்லை. அம்மா கடைசிவரை அவனுடைய உடுப்புகளைத் தோய்த்துத் தோய்த்து மடித்து வைத்தார்.

இதை நான் அந்தக் கடை வாசலில் நினைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது தானாக வந்தது.

திரும்பிப்போய் வரிசையை மீறி முன்னால் நின்றேன். பெட்டிகளை மேசையில் வைத்தேன்.

“நீ என் பதிலைக் கேட்கவில்லை,” என்றேன்.

“என்ன?”

“அட்டையை நீ பார்க்கவில்லை. என்னிடம் அட்டை இல்லை. எனக்குத் துவக்கே இல்லை.”

அவன் முகம் வெளிறியது. “அப்படியென்றால் ஏன் முதலே சொல்லவில்லை?” என்று அவன் என்னிடம் எரிந்து விழுந்தான். “நீ ஏன் கேட்டுப் பார்க்கவில்லை?” என்று நான் அவனிடம் எரிந்து விழுந்தேன். மடக்கு நாற்காலியோடு நின்றவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் சத்தம் கேட்டுப் பொறுப்பாளரான ஒரு பெண்மணி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் பெட்டிகளை எடுத்துப் பூட்டினார், பிறகு அந்த இளைஞனைத் தோளில் தொட்டு உள்ளறைக்குப் போகச் சொன்னார். எனக்கு நன்றி சொன்னார். எனக்கு நன்றி வேண்டியிருக்கவில்லை. உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது.

பணத்தைத் திருப்பித் தருவதற்கு அவர் என்ன கேட்டார் தெரியுமா? என் அடையாள அட்டை. ரவைக்குக் கேட்காதவர்கள் காசுக்குக் கேட்டார்கள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக் கதவை நான் திறக்கும் முன்பே மகள் வாசலில் நின்றாள்.

“கிடைச்சுதோ?”

“கிடைச்சுது. குடுத்திட்டு வந்தனான்.”

“என்ன? கையிலை கிடைச்சதைத் திருப்பிக் குடுத்தனீங்களோ? அம்மா, உங்களுக்கு விசரோ?”

அறைக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. நியாயம்தான். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தக் கதவுக்கு வெளியே, நடைக்கூடத்தின் தரையில் உட்கார்ந்தேன். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது சண்டையில் செத்த மாமா என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்ததுமில்லை. அன்றைக்குத்தான் அவனுடைய வயதைச் சொன்னேன். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

“என்னைவிடச் சின்னவரோ?”

“ஓம்.”

“ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை.”

கதவு திறந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது என் மேல் இருந்து வேறெங்கோ நகர்ந்தது.

மறுநாள் மற்றப் பொறுப்பாளர் கொண்டுவந்த ரவையோடு சுட்டாள். குறி விலகியது. நான்காவதாக வந்தாள். அணியில் இடமில்லை. காரில் திரும்பும்போது முழு வழியும் அழுதாள். எனக்கும் ஆற்றாமைதான். ஏணியில் ஏறிய பயிற்சியாளரை, படத்துக்கு விற்க ஏலாது என்ற பிள்ளையை, பார்க்காமல் விற்ற பெடியனை, இந்தச் சட்டத்தை எழுதியவர்களை, ஒருவர் விடாமல் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நான் செய்தது சரி என்று மகள் இன்றுவரை வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் அந்தக் கோடையில் அவள் வரவேற்பறைப் படத்தைக் கழற்றி, தூசி துடைத்து, தன் அறையில் மாட்டிக்கொண்டாள்.

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் அட்டையும் வயதும் கேட்டு உயிரை வாங்குகிறார்கள் என்ற முறைப்பாடு எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் எங்காவது ஒரு கடையில் ஒரு பிள்ளையிடம் வயது கேட்பதைக் கண்டால், வாய் முணுமுணுத்தாலும் மனம் மட்டும் கேளுங்கோ, இன்னொரு தரமும் கேளுங்கோ என்றே சொல்கிறது.