ஒத்திகையில் இல்லாதவர்

அறுபத்தேழாம் வருஷம், பொங்கல் கழிந்து கொஞ்ச நாளிருக்கும். பம்பாய் தாராவியில் ரெக்சின் பை தைக்கிற பட்டறை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். கீழே ஆண்கள் ரெக்சினை வெட்டிப் பசை தடவி ஒட்டுவார்கள். மேலே பலகை பாவிய தட்டில் பெண்கள் ஏழெட்டுப் பேர் மிஷினில் தைப்போம். ஏறி இறங்க ஒரே வழிதான். சுவரோடு நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி.

அந்த ஏணிக்கென்று எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. சேலைக்காரி இறங்கும்போது கீழே ஆண் நிற்கக் கூடாது. மேலிருந்து பலகையைத் தட்டினால் போதும், ஆண்கள் எல்லோரும் தெருவுக்குப் போய்விடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், அப்படியே பழகிவிட்டது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி பேப்பர் வாசித்துக் காட்டினார். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் அவர் வாசித்தால் காது கொடுத்துக் கேட்பேன். அமெரிக்காவில் ராக்கெட்டில் போக இருந்த மூன்று பேர், தரையில் நடந்த ஒத்திகையிலேயே தீயில் செத்துப்போனார்களாம். எரிபொருள் ஊற்றாத ராக்கெட், ஒன்றும் ஆகாது என்று இருந்திருக்கிறார்கள். கதவைச் சட்டென்று திறக்க முடியவில்லையாம்.

"ஆகாசத்துக்குப் போறவனுக்கே கதவு தொறக்கல. நம்மள மேல ஏத்தி வச்சிருக்காவளே, நமக்கு என்ன வழி?" என்று கேட்டாள் எனக்கு அடுத்த மிஷின்காரி. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த சின்னப் பெண், நல்ல வாயாடி. அவள் புருஷனுடைய அண்ணனும் எங்கள் பட்டறையில்தான் ரெக்சின் வெட்டினார். அவரிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவர் குரல் கேட்டாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள்.

"ஏளா, ஒனக்கு ராக்கெட்டுக்கு டிக்கெட் எடுக்கட்டா?" என்று முதலாளி கேலி செய்தார். தீப்பிடித்தால் எப்படி இறங்குவது என்று ஒரு தடவை இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் விடவில்லை. நாங்களும் சேர்ந்துகொண்டோம். கடைசியில் அவரும் சரி என்றார்.

எங்களுக்கும் ஒத்திகை நடந்தது. மேஸ்திரி தெருவில் நின்று "தீ, தீ!" என்று கத்தினார். ஆண்கள் வழக்கம்போல வெளியேறி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு நாங்கள் சிரித்துச் சிரித்து மளமளவென்று இறங்கினோம். எல்லோருக்கும் முதலில் இறங்கியவள் அவள்தான். "பாத்தியளா? இனி பம்பாயே எரிஞ்சாலும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் முதலாளி. நம்பினோம்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். கீழே பின்பக்கம் ஸ்டவ் கவிழ்ந்து பசை டின்னில் தீப் பிடித்துக்கொண்டது. கரும்புகை மேலே வந்தது. பழகின வேகத்தில் அவள்தான் முதலில் ஏணிக்கு ஓடினாள். ஓடியவள் குனிந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

ஆண்கள் வெளியே ஓடவில்லை. தீ என்றதும் எங்களைக் காப்பாற்ற உள்ளே நின்றுவிட்டார்கள். ஏணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றவர் அவள் புருஷனின் அண்ணன்.

அவள் ஒதுங்கி எங்களை முன்னால் தள்ளினாள். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியில் நானும் அவளும்தான்.

"வாட்டி!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"பெரியத்தான் நிக்காவ. அவிய போவட்டும், நீங்க எறங்குங்க மைனி. பொறத்தாலயே வாரேன்" என்று கையை உதறிக்கொண்டாள்.

இறங்கியதும் நான் அவரிடம் கத்தினேன். "அண்ணாச்சி, நீங்க வெளிய போங்க! நீங்க நிக்கதாலதான் அவ வரல!"

"ஏணி சாஞ்சிரும் தாயி!" என்றார் அவர். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கத்தினேன். விளங்கியதும் அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. ஏணியை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். மழையில் நின்றுகொண்டு, "போயிட்டேம்மா! நான் போயிட்டேன், எறங்கும்மா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

அவள் இறங்கவில்லை. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் ஏறி அவளைத் தூக்கி வந்தார்கள். உடம்பில் தீக்காயம் அதிகமில்லை. புகைதான் கொன்றிருந்தது. முந்தானை தலைவரைக்கும் மூடியிருந்தது.

அந்த அண்ணாச்சி அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் வரவில்லை. மாஹிமில் ஏதோ கடையில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். வழியில் எங்களில் யாரையாவது கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாராம். ஒத்திகை அன்று அவரையும் கீழே நிற்க வைத்து ஒரு தடவை இறங்கிப் பார்த்திருந்தால், அவள் கூசி நின்றிருப்பாள், நாங்கள் திட்டியிருப்போம், என்ன செய்வது என்று அன்றைக்கே பேசி முடித்திருப்போம். மரியாதைக்காக அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஒத்திகை பார்த்தோம்.

தாராவியிலும் சரி, அவள் ஊரிலும் சரி, உயிர் போனாலும் மரியாதையை விடாத மானஸ்தி என்று அவளைப் பெருமையாகப் பேசினார்கள், இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் மானம் பார்க்கிறவள்தான், ஒருத்தர் முன்னாலும் தலை குனிந்ததில்லை. ஆனாலும் அந்தப் புகழ்ச்சி காதில் விழுந்தால், முழங்கால் வலியோடு எழுந்து அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறேன்.