பாறையில் இரண்டு கோடு

ஊரில் அவளுக்கு டவர் அக்கா என்று பெயர். ஊரில் டவர் இருந்திருந்தால் அந்தப் பெயரே வந்திருக்காது. சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். அன்றன்றைய அறிக்கையை மாலை ஐந்துக்குள் போனில் அனுப்பியாக வேண்டும், அப்போதுதான் அடுத்த வாரத்துக்கு மருந்து வரும். ஊரிலோ சிக்னல் மருந்துக்கும் கிடையாது. அரை மணி நேரம் ஏறினால் பாறை உச்சியில் போனில் இரண்டு கோடு சிக்னல் தெரியும். ஆறு வருடமாக ஏறுகிறாள், முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

"நீ என்னை இல்ல, அந்தப் பாறையைத்தான் கட்டியிருக்கணும்" என்பான் கொத்தனார் கணவன்.

போன மழைக்காலத்தில் தையற்காரர் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. இரண்டாவது ஊசிக்கு டாக்டரின் அனுமதி வேண்டும். பாறைக்கு ஓடினாள். டாக்டர் போடச் சொன்னார். இறங்கி வந்தபோது குழந்தை மட்டும்தான் இருந்தது. கேட்காமலே போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று இன்றும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. ரோடு, தண்ணீர் மாதிரி இணையமும் அடிப்படை வசதியாம். இணைப்பே இல்லாத ஊர்களுக்கு அரசு செலவில் லைன் போடுவார்களாம். ஊரே கையெழுத்துப் போட்ட மனுவை அவளே மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள்.

அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க ஊர் பட்டியல்ல வராதும்மா. அங்கதான் நெட் இருக்கே."

"யார் சார் சொன்னது?"

"பாருங்க, ஆறு வருஷமா தினமும் ரிப்போர்ட் வருது. ஒரு நாள்கூட லேட் இல்ல. நெட் இல்லாம எப்படி வரும்?"

"நான் பாறை மேல ஏறி அனுப்புறேன் சார்."

"அதை எழுத இதுல இடமே இல்லையேம்மா. மூணு மாசம் ரிப்போர்ட் வராம இருந்தா தானா பட்டியல்ல ஏறிடும்."

தன் ஊருக்குத் தானே குழி பறித்ததாக நினைத்தபடி பஸ்ஸில் திரும்பினாள். இனி பாறைப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டாள்.

நிலைய வாசலில் தையற்காரர் நின்றிருந்தார். தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது, கையில் தடுப்பூசி அட்டை.

"அடுத்த வாரம் ஊசி வந்துடுமாம்மா?"

அவள் மணி பார்த்தாள். நாலே கால்.

"வந்துடும்ணா" என்றாள். அறிக்கையை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அழுகைதான், நொண்டி நொண்டித்தான் ஏறினாள். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அறிக்கை போய்ச் சேர்ந்தது.

அதிகாரியின் கம்ப்யூட்டரில் அந்த ஊருக்கு அன்றைக்கும் நெட் இருந்தது.